கனமான வேட்டை வில்லுக்கு எந்த விறைப்புள்ள அம்பைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

வணக்கம். 45 பவுண்டு இழுவிசை வில்லில் தொடங்கி, 55 பவுண்டில் மூன்று ஆண்டுகள் எய்து பழகிய பிறகு, இப்போது 70 பவுண்டு என்று குறிக்கப்பட்ட வேட்டை ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த) வில்லுக்கு வந்திருக்கிறேன். வில்லை முழுமையாக இழுத்து நிறுத்தி விடுவதில் எனக்குச் சிரமம் இல்லை. சிரமம் எல்லாம் அம்பில்தான் இருக்கிறது.

பழைய வில்லுக்காக வாங்கிய 400 ஸ்பைன் (விறைப்பு எண்) கார்பன் அம்புகளையே இதிலும் எய்து பார்த்தேன். தண்டின் நீளம் 30 அங்குலம். முனையின் எடை 125 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு). நான் வலக்கைக்காரன், மூன்று விரல்களால் நாணைப் பிடித்து விடுகிறேன். சிறகு ஒட்டிய அம்பு புறப்பட்டவுடன் அதன் வால் பக்கவாட்டில் ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது. ஏறத்தாழ பத்து மீட்டர் சென்ற பிறகுதான் நேராகிறது. சிறகு ஒட்டாத தண்டை 15 மீட்டரிலிருந்து எய்தால், மற்ற அம்புகளுக்கு ஒரு சாண் வலப்புறமாகப் போய்க் குத்துகிறது. நாணை விடும்போது விற்பிடியில் ‘டக்’ என்று ஒரு சத்தமும் கேட்கிறது. பழைய வில்லில் இதே அம்புகள் இப்படிச் சத்தம் எழுப்பியதே இல்லை.

தயாரிப்பாளர்களின் அட்டவணைகளைப் பார்த்தால், ஒன்று 340 என்கிறது, மற்றொன்று 300 என்கிறது. என்னுடன் பழகும் நண்பர் ஒருவர், வில் கனமானது என்பதால் கிடைப்பதிலேயே விறைப்பான தண்டை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்கிறார். விறைப்பு கூடுவதால் தீங்கு ஒன்றும் இல்லை என்பது சரிதானா? எண் குறையக் குறைய விறைப்பு கூடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்பதும், அட்டவணைகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதும் விளங்கவில்லை. ஒரு டஜன் தண்டுகளைத் தவறாக வாங்கிய பிறகு வருந்துவதைவிட, முன்பே கேட்டுத் தெளிவது நல்லது என்று எழுதுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளும், அதாவது வலப்புறம் விலகும் சிறகில்லாத தண்டு, ஆடும் வால், விற்பிடியில் எழும் சத்தம் ஆகிய மூன்றும், அம்பு இந்த வில்லுக்கு மெலிவாக இருக்கிறது என்பதையே காட்டுகின்றன. ஆயினும் அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. எண்ணைப் புரிந்துகொண்டால் இந்த வில்லுக்கு மட்டுமன்றி, இனி வாங்கப்போகும் எந்த வில்லுக்கும் நீங்களே அம்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கார்பன் தண்டில் அச்சிடப்பட்டிருக்கும் எண் நிலை விறைப்பைக் குறிக்கிறது. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளை நிறுத்தி, அவற்றின் மேல் தண்டைக் கிடத்தி, சரியாக நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு எவ்வளவு தொய்கிறதோ, அந்த அளவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு எண்ணினால் கிடைப்பதே அந்த எண். உங்கள் 400 தண்டு 0.400 அங்குலம், ஏறத்தாழ 10.2 மில்லிமீட்டர் தொய்கிறது. 340 தண்டு 8.6 மில்லிமீட்டரும், 300 தண்டு 7.6 மில்லிமீட்டரும் தொய்யும். இரண்டு அட்டவணைகளுக்கும் இடையே நீங்கள் கண்ட முரண், தண்டின் நடுவே ஒரே ஒரு மில்லிமீட்டர் தொய்வுதான்.

இது மேசைமேல் அசையாமல் கிடக்கும் தண்டின் கணக்கு. வில்லிலிருந்து புறப்படும் அம்பு வேறு விதமாக நடந்துகொள்கிறது. அதைத்தான் இயங்கு விறைப்பு என்கிறோம். விரல்களிலிருந்து நழுவும் நாண் நேராக முன்னோக்கிச் செல்வதில்லை. விரல் நுனிகளைச் சுற்றிக்கொண்டு சற்றுப் பக்கவாட்டில் விலகித்தான் புறப்படுகிறது. பின்னாலிருந்து நாண் தள்ள, முன்னால் முனையின் கனம் நகர மறுக்க, இடையில் அகப்பட்ட தண்டு வளைகிறது. முதலில் அதன் நடுப்பகுதி வில்லின் பக்கமாக வளைகிறது. பிறகு எதிர்ப்புறமாக வளைந்து, விற்பிடியைச் சுற்றி வருவதுபோல் நழுவி, வால் எதிலும் படாமல் வெளியேறுகிறது. இந்த வளைவை 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேக ஒளிப்படங்களில் பதிந்து காட்டினார். அம்பு வளைவது குற்றமன்று. வளைந்து நிமிரும் காலம், வால் விற்பிடியைக் கடக்கும் காலத்தோடு பொருந்த வேண்டும். மெலிந்த தண்டு அளவுக்கு மீறி வளைந்து, நேரம் தவறித் திரும்பி, விற்பிடியில் இடிக்கிறது. நீங்கள் கேட்கும் ‘டக்’ அதுவாகவே இருக்கும்.

இதிலிருந்தே நண்பர் சொன்ன யோசனைக்கும் விடை கிடைத்துவிடுகிறது. மிகை விறைப்புள்ள தண்டு வேண்டிய அளவு வளைவதில்லை. விற்பிடியை ஒட்டியே உரசிச் சென்று, வலக்கைக்காரருக்கு இடப்புறமாக விலகும். மெலிந்த தண்டைவிட உடையும் அபாயம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கோணலாகப் பறக்கும் அம்பு எதனால் கோணினாலும் கோணல் அம்புதான்.

எண்ணைச் சொல்வதற்கு முன் எனக்கு நான்கு விவரங்கள் தேவைப்படுகின்றன. உங்கள் உண்மையான இழுநீளம் எவ்வளவு? அந்த நீளத்தில் வில்லின் இழுவிசையைத் தராசில் அளந்து பார்த்தீர்களா? நாண் டாக்ரான் என்ற நீளும் பழைய வகை இழையா, அல்லது நீட்சி குறைந்த புதிய வகை இழையா? அம்பு அமரும் இடம் விற்பிடியின் நடுக்கோடு வரை வெட்டப்பட்டிருக்கிறதா, நடுக்கோட்டைத் தாண்டியும் வெட்டப்பட்டிருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மிக்க நன்றி. விற்பிடியின் பக்கத்தகட்டை, அதாவது அம்பு ஒட்டி நிற்கும் தகட்டை, விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். அம்பு படும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் புதிதாக ஒரு கீறல் தெரிகிறது. நீங்கள் சொன்னபடி வால் அங்கே இடிக்கிறது போலும்.

வில்லில் எழுதியிருப்பது 28 அங்குலத்தில் 70 பவுண்டு. என் இழுநீளம் 29 அங்குலத்தைவிடச் சற்றே கூடுதல் என்பதை, தண்டில் குறியிட்டு, இன்னொருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லி உறுதிசெய்தேன். தராசு 74 பவுண்டு காட்டுகிறது. நாண் நீட்சி குறைந்த வகை. அதில் இரண்டு ஒலிக்குறைப்பான்கள் கட்டியிருக்கிறேன். விற்பிடி நடுக்கோட்டைத் தாண்டி ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் உள்ளே வெட்டப்பட்டிருக்கிறது.

மறுமொழி 2

நான் மர அம்புகளைச் செய்து எய்பவன். கார்பனைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நீளமும் பருமனும் விறைப்பை எவ்வளவு மாற்றுகின்றன என்பதைக் கையால் உணர்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

மரத்தண்டின் விறைப்பை அளக்கும் பழைய முறை சற்று வேறானது. தாங்கிகளின் இடைவெளி 26 அங்குலம். தொங்கவிடும் எடை 2 பவுண்டு. தொய்வை அங்குலத்தில் அளந்து, 26-ஐ அதனால் வகுத்தால் விறைப்பு பவுண்டுக் கணக்கில் வரும். 0.40 அங்குலம் தொய்ந்தால் 65 பவுண்டு, 0.52 அங்குலம் தொய்ந்தால் 50 பவுண்டு. இரண்டு முறைகளையும் ஒப்பிட விரும்பினால், கார்பன் தண்டின் தொய்வை 0.825-ஆல் பெருக்கிப் பிறகு 26-ஐ வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் 400 தண்டு ஏறத்தாழ 79 பவுண்டு விறைப்புள்ளது. 74 பவுண்டு வில்லுக்கு 79 பவுண்டு தண்டு போதாதா என்று கேட்கத் தோன்றும். இந்தப் பவுண்டுக் கணக்கு, டாக்ரான் நாணும், நடுக்கோட்டை எட்டாத விற்பிடியும், 28 அங்குல அம்பும், 125 கிரெயினை ஒட்டிய முனையும் வழக்கத்தில் இருந்த நாளைக்கு உரியது. உங்கள் நாண் அதைவிட வேகமாகத் தள்ளுகிறது. உங்கள் அம்பு அதைவிட இரண்டு அங்குலம் கூடுதல் நீளம். விற்பிடியோ நடுக்கோட்டைத் தாண்டி வெட்டப்பட்டிருப்பதால் அம்பு சுற்றி வளைய வேண்டிய தேவை குறைந்து, கூடுதல் விறைப்பைக் கேட்கிறது. இவை எல்லாம் ஒரே திசையில் சேர்ந்துவிட்டன.

நீளத்தின் வேலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தாங்கிகளின் இடைவெளி கூடும்போது, தொய்வு அந்த நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 29 அங்குலம் 30 ஆனால் தொய்வு பத்து விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்துவிடும். மர அம்பு செய்பவர்கள் ஓர் அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு என்று வைத்துக்கொள்வது இதனால்தான். பருமனோ இன்னும் கூர்மையானது; திண்ணிய மரத்தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும். 23/64 அங்குலத் தண்டுக்கும் 11/32 அங்குலத் தண்டுக்கும் இடையே விட்டத்தில் 0.4 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஒரே மரமாக இருந்தால் விறைப்பில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உப்புத்தாளால் தண்டைத் தேய்க்கும்போது நான் பத்து முறை இழுத்துவிட்டு ஒரு முறை அளப்பேன். அளக்காமல் தேய்த்து மெலிந்துபோன தண்டுகள் என் பட்டறை மூலையில் ஒரு கட்டு கிடக்கின்றன.

கனமான வில்லும் பருத்த அம்பும் சேர்ந்தே வந்தவை. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவிற்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அந்த விற்களில் பல 100 பவுண்டைத் தாண்டிய இழுவிசை கொண்டவை என்று கணிக்கிறார்கள். பெரும்பாலான அம்புகள் பாப்லர் என்ற இலேசான மரத்தாலானவை. பருத்த இடத்தில் அவை ஏறத்தாழ அரை அங்குலம் இருக்கின்றன. இலேசான மரத்தை எடுத்துப் பருமனால் விறைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அம்பு செய்பவன் என்ற முறையில் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு பெருகுகிறது.

நீங்கள் என்றாவது மரத்துக்கு வந்தால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆண்டு வளையங்களின் விளிம்பு விற்பிடியைப் பார்த்திருக்குமாறு ‘நாக்’கை, அதாவது நாணில் மாட்டும் வால் பள்ளத்தை, வெட்ட வேண்டும். தண்டின் விறைப்பான பக்கம் அது. தண்டின் மேற்புறத்தில் நார் ஓடி முடியும் கூர்கள் முனையை நோக்கியிருக்க வேண்டும். தண்டு முறிந்தால் பிளவு கையில் ஏறாமல் காக்கும் ஏற்பாடு அது. 74 பவுண்டு வில்லில் இதை ஒருபோதும் விளையாட்டாக எண்ணக் கூடாது.

மறுமொழி 3

விறைப்பைப் பற்றிய பேச்சில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டுவிட்டது என்பதால் குறுக்கிடுகிறேன். உங்கள் அம்பின் மொத்த எடை எவ்வளவு? சாதாரண 400 தண்டு அங்குலத்துக்கு எட்டரை கிரெயின் என்று கொண்டால், 30 அங்குலத்துக்கு 255, முனை 125, இன்சர்ட் (முனையைத் திருகத் தண்டின் முன்நுனியில் ஒட்டும் துண்டு), நாக், சிறகு எல்லாம் சேர்ந்து ஒரு நாற்பது. ஆக 420 கிரெயினை ஒட்டி வருகிறது. 74 பவுண்டால் வகுத்தால் பவுண்டுக்கு ஆறு கிரெயின்கூட இல்லை. ரிகர்வ், நெடுவில் போன்ற மரபு விற்களுக்குப் பவுண்டுக்கு எட்டு முதல் பத்து கிரெயின் வரை இருப்பதே நல்லது. வில் தயாரித்தவர் இதைவிடக் கூடுதலான குறைந்தபட்ச அளவைச் சொல்லியிருந்தால் அதுவே முடிவு. இலேசான அம்பு வில்லின் ஆற்றலை முழுமையாக ஏற்றுக்கொள்வதில்லை. எஞ்சிய ஆற்றல் வில்லின் கைகளிலும் நாணிலும் உங்கள் தோளிலும் அதிர்வாக இறங்குகிறது. அம்பில்லாமல் நாணை விடுவதற்கு ஓரளவு நெருங்கிய செயல் இது. அந்த அம்புகளை இந்த வில்லில் இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

எடையும் விறைப்பும் தனித்தனி முடிவுகள் அல்ல என்பதற்காகவே இதைச் சொன்னேன். அம்பை 600 கிரெயினுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், கூடுதல் எடையில் பெரும்பகுதி முன்புறத்தில்தான் சேரும். முனையில் கனம் கூடினால் தண்டு இன்னும் அதிகமாக வளையும். அதாவது இயங்கு விறைப்பு குறையும். ஆகவே முதலில் மொத்த எடையையும் முனையின் எடையையும் தீர்மானித்து, அதற்குப் பிறகே தண்டின் எண்ணைத் தேட வேண்டும். 125 கிரெயின் முனைக்கு உங்கள் வில்லில் 340 பொருந்தியிருக்கலாம். 250 கிரெயின் முனைக்கு நான் 300-ஐத்தான் எடுப்பேன். நீங்கள் பார்த்த இரண்டு அட்டவணைகளும் எந்த முனை எடையைக் கருதி எழுதப்பட்டவை என்று பாருங்கள். பெரும்பாலும் அது அடியில் சிறிய எழுத்தில் இருக்கும்.

உருளிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்கான பத்தியைத் தவறுதலாகப் படித்துவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அங்கே விசைக்கருவியால் நாணை விடுவதால் பக்கவாட்டு விலகல் மிகக் குறைவு; உருளிகள் தரும் ஆற்றலும் வேறு. ஒரே 70 பவுண்டு என்றாலும் இரண்டு விற்களும் ஒரே தண்டைக் கேட்பதில்லை.

மறுமொழி 1

மூன்றாம் மறுமொழி எழுதியவர் சொன்ன எடைக் கணக்கை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், அவருக்கு நன்றி. இப்போது தேவையான விவரங்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. 300 தண்டை வாங்குங்கள். ஆனால் ஒரு டஜன் வேண்டாம். மூன்று மட்டும் வாங்குங்கள். வெட்டாத முழு நீளத்திலேயே வாங்குங்கள். கடையில் வெட்டித் தருகிறோம் என்று சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நீளமான தண்டைக் குறைக்கலாம். குறைத்ததை மீட்க முடியாது.

முதலில் மூன்றிலும் இன்சர்ட்டை ஒட்டி, 250 கிரெயின் முனையைத் திருகுங்கள். இரண்டுக்குச் சிறகு ஒட்டுங்கள். ஒன்றை வெறும் தண்டாக விடுங்கள். சிறகு ஒட்டிய இரண்டையும் எய்த பிறகு சிறகில்லாததை எய்யுங்கள். பத்து மீட்டரில் தொடங்கி, நம்பிக்கை வந்ததும் இருபதுக்குப் போங்கள். ஒரு முறை விழுந்த இடத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். குறைந்தது ஆறேழு சுற்றுகள் எய்து, சிறகில்லாத தண்டு எப்போதும் ஒரே பக்கம் விலகுகிறதா என்று கவனியுங்கள். விடும் கை தடுமாறினாலும் அம்பு விலகும். கனமான வில்லில் களைப்பு விரைவில் வரும் என்பதால், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அம்புகளுக்கு மேல் இந்தச் சோதனைக்காக எய்ய வேண்டாம். களைத்த கை தரும் பதிலை நம்பித் தண்டை வெட்டியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

முழு நீளத்தில் 250 கிரெயினோடு அது வலப்புறம், அதாவது மெலிந்த பக்கம், விலகும் என்றே எதிர்பார்க்கிறேன். அப்படி விலகினால் கால் அங்குலம் வெட்டுங்கள், மீண்டும் எய்யுங்கள், மீண்டும் கால் அங்குலம் வெட்டுங்கள். எல்லாத் தண்டுகளையும் ஒரே அளவில் வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிறகில்லாத தண்டை மட்டும் நாக் பக்கத்திலிருந்து வெட்டினால், ஒட்டிய இன்சர்ட்டைக் கழற்றும் வேலை மிச்சம். நாக்கை இழுத்தெடுத்து, வெட்டி, மீண்டும் செருகிக்கொள்ளலாம். சிறகு ஒட்டியவற்றை முனைப் பக்கத்திலிருந்து வெட்ட வேண்டியிருக்கும் என்பதால், சோதனை முடியும்வரை அவற்றின் இன்சர்ட்டைச் சூடாக்கினால் இளகும் பசையால் ஒட்டுங்கள். முனையைத் திருகிவிட்டு அந்த முனையைத்தான் மிதமாகச் சூடாக்க வேண்டும். கார்பனின் மேல் நேரடியாகத் தீயைக் காட்டினால் தண்டு வீணாகிவிடும். வெட்டுவதற்கு வேகமாகச் சுழலும் உராய்வுத் தட்டு வேண்டும். குழாய் வெட்டும் கருவி கார்பனை நசுக்கிவிடும். தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் இல்லாமல் வெட்ட வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இலக்கில் குத்தி நிற்கும் தண்டின் சாய்வை வைத்து விறைப்பை முடிவு செய்ய வேண்டாம்; இலக்கின் பொருளே தண்டைத் திருப்பிவிடுவதுண்டு. குத்திய இடத்தை மட்டும் நம்புங்கள். இரண்டு, விற்பிடியில் இடிக்கும் அம்பு உண்மைக்கு நேர்மாறான பக்கமும் தெறித்துப் போகலாம். மிகவும் மெலிந்த தண்டு இடித்துத் தெறித்து இடப்புறம் விழுந்தால், அது விறைப்பு கூடியதுபோல் தோன்றும்; அதை நம்பி முனையில் எடையைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பக்கத்தகட்டில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி ஓர் அம்பை எய்து பாருங்கள். தூள் கலையாமல் இருந்தால் மட்டும் விழுந்த இடத்துக்குப் பொருள் உண்டு.

சிறகில்லாத தண்டு மற்றவற்றுக்கு மிக அருகில், வலப்புறம் இரண்டு விரல் அகலத்துக்குள் வந்ததும் வெட்டுவதை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சும் சிறு குறையைப் பக்கத்தகட்டால் சரிசெய்யலாம். தகட்டைச் சற்றுத் தடிமனாக்கினால் அம்பு வெளிப்புறம் நகர்ந்து, விறைப்பு கூடியதுபோல் நடந்துகொள்ளும். மெலிதாக்கினால் அதற்கு எதிர்மாறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒலிக்குறைப்பான்களைச் சோதனையின் நடுவே நகர்த்தவும் கூடாது, கழற்றவும் கூடாது. அவற்றின் எடை நாணின் வேகத்தைக் குறைக்கிறது என்பதால் அதுவும் விறைப்புக் கணக்கில் சேரும்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். சொன்னபடியே 300 தண்டு மூன்று வாங்கினேன். முழு நீளம் 32 அங்குலம், அங்குலத்துக்கு 10.2 கிரெயின். முதல் நாள் சிறகில்லாத தண்டு ஏறத்தாழ ஒரு சாண் வலப்புறம் போனது. முக்கால் அங்குலம் வெட்டும்வரை பெரிதாக எதுவும் மாறவில்லை. பக்கத்தகட்டில் தூவிய தூளும் கலைந்துகொண்டே இருந்தது. ஒருகணம் தண்டே தவறோ என்று ஐயம் வந்தது. ஓர் அங்குலம் வெட்டிய பிறகுதான் தூள் முதன்முறையாகக் கலையாமல் நின்றது. அன்று ‘டக்’ சத்தமும் நின்றுவிட்டது; அந்த அமைதியை நான் முதலில் நம்பவே இல்லை, இன்னும் நான்கு அம்புகளை எய்து பார்த்தேன்.

இப்போது 30.5 அங்குலத்தில் நிறுத்தியிருக்கிறேன். இருபது மீட்டரில் சிறகில்லாத தண்டு இரண்டு விரல் வலப்புறம் நிற்கிறது. அம்பின் மொத்த எடை 599 கிரெயின்; பவுண்டுக்கு எட்டைச் சற்றே தாண்டுகிறது. நாக்கின் பள்ளத்திலிருந்து 21.7 அங்குலத்தில் அம்பு சமநிலையில் நிற்கிறது. இந்த முன்கனம் மிகையானதா? வேட்டைக்கான அகன்ற அலகுள்ள முனையான பிராட்ஹெட்டைப் பொருத்துவதற்கு முன் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

மறுமொழி 3

மிக்க மகிழ்ச்சி. சமநிலைப் புள்ளியிலிருந்து பாதி நீளத்தைக் கழித்து, முழு நீளத்தால் வகுத்தால், முன்கனம் ஏறத்தாழ 21 விழுக்காடு. வேட்டை அம்புகளில் வழக்கமாகக் காணப்படுவது பத்து முதல் பதினைந்து வரைதான். உங்களுடையது அதைவிடக் கூடுதல். வேட்டைக்குரிய குறுகிய தொலைவில் இதனால் குறையொன்றும் இல்லை. முன்கனமான அம்பைச் சிறகு எளிதில் நேராக்கும். தொலைவு கூடினால் முனை சீக்கிரம் தாழும் என்பதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

பிராட்ஹெட்டைப் பொறுத்தவரை, முனையின் எடை சரியாக 250 கிரெயினே இருக்கட்டும்; மாற்றினால் இதுவரை செய்த பணி வீணாகிவிடும். நிலையான அலகுகள் முன்புறத்தில் இன்னொரு சிறகைப்போல் காற்றைப் பிடிக்கும். பயிற்சி முனையில் மறைந்துகிடந்த சிறு பொருத்தக்குறையை அவை பெரிதாக்கிக் காட்டிவிடும். ஆகவே பிராட்ஹெட் அம்பும் பயிற்சி அம்பும் இருபது மீட்டரில் ஒரே இடத்தில் குத்துகின்றனவா என்று பார்த்த பிறகே களத்துக்குப் போங்கள். கோணலாகப் போய்த் தைக்கும் அம்பின் ஆற்றல் தண்டின் வழியே முனைக்குச் சேராமல் பக்கவாட்டில் வீணாகும், ஆழம் குறையும், விலங்கு உடனே விழாமல் காயத்தோடு அலையும். நாம் இவ்வளவு நுணுக்கமாகக் கால் கால் அங்குலமாக வெட்டியதெல்லாம் அந்தத் துன்பத்தைத் தவிர்ப்பதற்காகவே.

மறுமொழி 1

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். மீதித் தண்டுகளை வாங்கும்போது அதே வகையையே கேளுங்கள். வந்ததும் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். சோதனையில் பயன்பட்ட மூன்று தண்டுகளும் விற்பிடியில் பலமுறை இடித்தவை. இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல வளைத்து, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காதருகே வைத்துக் கேளுங்கள். நெரியும் ஒலி மெல்லியதாகக் கேட்டால்கூட, அல்லது விரல் நுனியில் ஓர் இழை தட்டுப்பட்டால்கூட, அந்தத் தண்டை அங்கேயே முறித்துப் போட்டுவிடுங்கள். இந்த இழுவிசையில் வெடிக்கும் கார்பன் வில் பிடித்த கையில்தான் ஏறும்.

கேள்வி கேட்டவர்

வளைத்துப் பார்த்தேன். முதல் நாள் அதிகம் எய்த சிறகில்லாத தண்டில், நாக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி மெல்லிய நெரிவு கேட்டது. முறித்துவிட்டேன். மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. அதே வகையில் இன்னும் ஒன்பது தண்டுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவற்றையும் முழு நீளத்திலேயே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.